ஜேம்ஸ் வில்சன்: கடன்பட்டுச் செத்த நீதிபதியை மறந்தது சரியா?

வாசகர் ஒருவரின் கேள்வி, மார்ச் 2

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவர் ஜேம்ஸ் வில்சன். பதவியில் இருக்கும்போதே கடனுக்காக இரண்டு முறை சிறைக்குப் போனார். ஊர் ஊராக ஒளிந்து, கடைசியில் ஒரு சத்திரத்தில் செத்துப்போனார். அந்த நாடே அவரை மறந்துவிட்டது. மறந்ததில் தப்பே இல்லை என்கிறேன். சொந்தக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர் ஊர் வழக்கைத் தீர்க்கலாமா? மறுக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன்.

சிறைக்குப் போனது உண்மை. ஆனால் லஞ்சம் வாங்கித் தீர்ப்பை மாற்றினார் என்று அவர்மேல் ஒரு வழக்கும் வந்ததில்லை. பதவி நீக்க விசாரணையும் நடக்கவில்லை, நீதிபதியாகவே செத்தார். கடன்பட்டவரையும் களவாடியவரையும் ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 3

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1742-ல் ஸ்காட்லாந்தில், ஃபைஃப் பகுதியில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். மதபோதகராக வேண்டும் என்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். 1765-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பிலடெல்பியா கல்லூரியில் லத்தீன் கற்றுக்கொடுத்தார், ஜான் டிக்கின்சன் என்ற வக்கீலிடம் சட்டம் படித்தார். ரீடிங் என்ற ஊரில் கொஞ்ச காலம், பிறகு கார்லைல் என்ற எல்லைப்புற ஊரில் வக்கீல் தொழில். வந்த வழக்குகளில் பெரும்பாலானவை நிலத் தகராறு. நிலத்தின் மேல் ஆசை அங்கேயே பிடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கட்சிக்காரர்கள் நிலத்தால் பணக்காரர் ஆவதை அன்றாடம் பார்க்கிற வக்கீலுக்குக் கை சும்மா இருக்காது.

சுதந்திரப் பிரகடனத்திலும் கையெழுத்துப் போட்டார், அரசியலமைப்பிலும் போட்டார். இரண்டிலும் கையெழுத்து உள்ளவர்கள் மொத்தம் 6 பேர்தான். பிராங்க்ளின், ராபர்ட் மோரிஸ், ரோஜர் ஷெர்மன், ஜார்ஜ் கிளைமர், ஜார்ஜ் ரீட், அப்புறம் இவர். இதில் பிராங்க்ளின் தவிர மற்றவர்களின் பெயர் வெளியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிலடெல்பியாவில் வேலை பார்த்த காலத்தில் கிறைஸ்ட் சர்ச்சுக்குப் போயிருக்கிறேன். அதன் கல்லறைத் தோட்டம் கொஞ்சம் தள்ளி, ஆர்ச் தெருவில் தனியாக இருக்கிறது. அங்கே பிராங்க்ளின் கல்லறை மேல் மக்கள் காசு போட்டுக்கொண்டே இருப்பார்கள். வில்சன் கிடப்பது தேவாலயத்தை ஒட்டிய வளாகத்தில். நான் நின்ற நேரம் வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. இந்த இழையில் நான் இவ்வளவு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்ச் 5

"கையெழுத்துப் போட்டது பெரிய சாதனையா, கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் போட வேண்டியதுதானே" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அரசியலமைப்பை எழுதக் கூடிய 1787 பிலடெல்பியா மாநாட்டில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 168 முறை பேசினார். அவரைவிட அதிகம் பேசியவர் கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது பதவியல்ல, பெயர்) ஒருவர்தான். முதுமையில் தளர்ந்திருந்த பிராங்க்ளினின் எழுத்துரைகளை எழுந்து வாசித்துக் காட்டியவரும் இவரே. ஜூன் 1 அன்று, நிர்வாகத் தலைமை ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். சபை கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனது. அரசரை இப்போதுதானே விரட்டினோம், திரும்ப ஒரே ஆளா என்ற பயம். இன்றைய ஜனாதிபதி பதவி அந்த முன்மொழிவில் தொடங்கியதுதான்.

அதோடு விடவில்லை. அந்த ஒரு ஆளை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். செனட்டர்களையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அங்கிருந்த பெரும்பாலானவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மக்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று வெளிப்படையாகவே பேசினார்கள். நேரடித் தேர்தல் எடுபடாது என்று தெரிந்ததும் மறுநாளே வாக்காளர் குழு யோசனையை, அதாவது மக்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க, அந்தக் குழு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அன்று அதையும் சபை ஏற்கவில்லை, மாநாட்டின் கடைசியில்தான் வேறொரு வடிவில் உள்ளே வந்தது. செனட் விஷயத்தில் அவர் கேட்டது 1913-ல், பதினேழாவது திருத்தத்தில் நடந்தது. 126 வருடம் கழித்து.

அரசியலமைப்பின் வரைவை எழுதிய விவரக் குழுவில் இருந்த 5 பேரில் இவர் ஒருவர். அரசியலமைப்பின் ஆரம்ப வரைவுகள் வில்சன் கைப்பட எழுதியவையாகவே பிலடெல்பியாவில் இருக்கின்றன. 'மக்களாகிய நாம்' என்ற தொடக்கம் அந்தத் தாள்களிலேயே இருக்கிறது.

மார்ச் 5, சற்றுப் பின்

ஒன்றை விட்டுவிட்டேன். புதிய அரசியலமைப்பைப் பென்சில்வேனியா மாநிலம் ஏற்கும்படி செய்ததிலும் இவர் பங்குதான் பெரியது. 1787 டிசம்பர் 12 அன்று 46-க்கு 23 என்ற வாக்கில் நிறைவேறியது. அதே மாதக் கடைசியில் கார்லைலில் இவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். அவர் தொழில் பழகிய அதே கார்லைல்.

மார்ச் 8

ஐந்தில் மூன்று பங்கு விஷயத்தை ஒருவர் எடுத்திருக்கிறார். எடுக்கத்தான் வேண்டும், அதைத் தவிர்த்துவிட்டு வில்சனைப் புகழ்வது நேர்மையாகாது.

பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணலாம் என்று ஜூன் 11 அன்று முன்மொழிந்தவர் இவரேதான். விகிதம் புதிதல்ல, 1783-ல் வரிப் பங்கீட்டுக்காகக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) யோசித்த அதே விகிதம். தெற்கு மாநிலங்களை உள்ளே வைத்துக்கொள்ள இதைக் கொண்டுவந்தார். ஒரு மாதம் கழித்து அதே சபையில் அவரே எழுந்து கேட்கிறார்: இவர்களைக் குடிமக்களாக எண்ணுகிறோமா? அப்படியானால் ஏன் முழுதாக எண்ணவில்லை? சொத்தாக எண்ணுகிறோமா? அப்படியானால் மற்றச் சொத்தையெல்லாம் ஏன் எண்ணவில்லை? கேட்டுவிட்டு, சமரசம் வேண்டியிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இந்த இடம் மிகக் கடினமானது. தெரியாமல் செய்தவரைவிட, தப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு அதையே செய்தவரை ஏற்பது சிரமம். 1808-க்குப் பிறகு அடிமை வணிகத்தைத் தடுக்கலாம் என்ற பிரிவு அடிமை முறை ஒழிவதற்கு அடித்தளம் என்று பென்சில்வேனியாவில் பேசினார். அது நடக்கவில்லை. அடிமை முறை பருத்தியோடு சேர்ந்து பெருகியது.

ஆகவே கேள்வி கேட்ட வாசகருக்குச் சொல்கிறேன்: வில்சன்மேல் வைக்க வேண்டிய பெரிய குற்றச்சாட்டு இதுதான். கடன் அல்ல.

மார்ச் 9

நீதிபதியாக என்ன செய்தார் என்று இன்னும் யாரும் கேட்கவே இல்லை!

1789 ஏப்ரலில் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதி, தலைமை நீதிபதி பதவியைத் தனக்கே தரும்படி கேட்டார். வாஷிங்டன் ஜான் ஜேயைத் தேர்ந்தெடுத்தார். வில்சனுக்கு இணை நீதிபதி இடம் கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 3,500 டாலர். அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு கொஞ்சம். நீதிபதிகளின் உண்மையான வேலை சர்க்யூட். வண்டியிலும் குதிரையிலும் மாநிலம் மாநிலமாகப் போய், கிடைத்த சத்திரத்தில் தங்கி, மாவட்ட நீதிபதியோடு உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

அப்படி ஒரு சர்க்யூட்டில்தான் என்னை மிகவும் கவர்ந்த காரியத்தைச் செய்தார். 1792-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. புரட்சிப் போரில் ஊனமான சிப்பாய்களின் ஓய்வூதிய மனுக்களை சர்க்யூட் நீதிமன்றங்கள் பரிசீலித்துச் சொல்ல வேண்டும். பிறகு போர்த்துறைச் செயலாளர் அதை மாற்றலாம். வில்லியம் ஹேபர்ன் என்ற சிப்பாயின் மனு வந்தது. வில்சன், உச்ச நீதிமன்றத்தில் அவருடைய சக நீதிபதி பிளேர், மாவட்ட நீதிபதி பீட்டர்ஸ் மூவரும் விசாரிக்க மறுத்துவிட்டார்கள். இது நீதிமன்ற வேலை அல்ல, நீதிமன்றம் சொன்னதை அமைச்சர் மாற்ற முடியும் என்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று வாஷிங்டனுக்கே எழுதினார்கள்.

காங்கிரஸ் போட்ட சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு ஒவ்வாததால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு என்று, சட்டக் கல்லூரியில் எல்லோரும் 1803 மார்பரி வழக்கைத்தான் ஒப்பிப்போம். அதற்கு 11 வருடம் முன்பே, தங்களைவிடப் பெரிய சபை போட்ட சட்டத்துக்கு மூன்று நீதிபதிகள் முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் காயம்பட்ட சிப்பாய் எதிரே நிற்கும்போது! இரக்கம் ஒரு பக்கம் இழுக்க, அதிகார எல்லை மறுபக்கம் நிற்க, அப்படி ஒரு உத்தரவு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

மார்ச் 9, இரவு

சிஷோம் வழக்கைப் பற்றி உடனே எழுதச் சொல்கிறார்கள். சுருக்கமாக:

போர்க்காலத்தில் தென் கரோலினா வியாபாரி ஒருவர் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்கு விற்றார். பணம் வரவில்லை. அவர் செத்த பிறகு, உயிலை நிறைவேற்ற வேண்டிய சிஷோம் வழக்குப் போட்டார். நாங்கள் இறையாண்மை உள்ள மாநிலம், எங்கள்மேல் வழக்கே போட முடியாது என்று ஜார்ஜியா நீதிமன்றத்துக்கு வரவே மறுத்தது. 1793-ல் 4-க்கு 1 என்று ஜார்ஜியாவுக்கு எதிராகத் தீர்ப்பு. மாறுபட்டவர் ஜேம்ஸ் ஐரிடெல்.

வில்சனின் தீர்ப்பு வேறு தளத்தில் நடக்கிறது. மாநிலம் என்பதே மனிதர்கள் செய்து வைத்த ஒன்று, மனிதனோ கடவுள் படைப்பு, செய்யப்பட்டது செய்தவனைவிடப் பெரிதாக முடியாது என்கிறார். நேர்மையான தனி மனிதன் தன் கடனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்றால், அப்படிப்பட்ட மனிதர்கள் கூடிய மாநிலத்துக்கு மட்டும் அந்தக் கடமை எப்படி இல்லாமல் போகும் என்று கேட்கிறார்.

மாநிலங்கள் கொதித்தன. ஒரு மாநிலத்தின்மேல் வேறு மாநிலத்தவர் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்ற பதினோராவது திருத்தம் 1795-க்குள் நிறைவேறி, தீர்ப்பு செல்லாக்காசாயிற்று. ஆனால் அந்த வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே நினைக்கிறேன். அரசாங்கத்திடம் வரவேண்டிய ஒப்பந்தப் பாக்கிக்காக வருடக்கணக்கில் அலைகிற சின்ன கான்ட்ராக்டர்களுக்கு நான் வக்காலத்து போட்டிருக்கிறேன். அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வில்சன் எழுதியது நினைவுக்கு வரும்.

மார்ச் 12

சரி, கடன்.

"ஆசைப்பட்டார், அழிந்தார்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள் சிலர். அது எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் விளங்கும்.

அன்றைக்கு நிலம் வாங்க முழுப் பணம் வேண்டியதில்லை. அரசிடம் வாரண்ட் (நிலம் பெறும் உரிமைச் சீட்டு) எடுக்கலாம், கொஞ்சம் முன்பணம், மிச்சத்துக்குத் தவணை. அளப்பதற்குச் செலவு, வருட வரி. கையிலுள்ள நிலத்தைக் காட்டி இன்னொரு கடன், அதில் இன்னொரு நிலம். எல்லாவற்றுக்கும் ப்ரோநோட்டு. பென்சில்வேனியா, நியூயார்க், ஜார்ஜியா என்று லட்சக்கணக்கான ஏக்கர் வில்சனுக்குச் சொந்தமோ பங்கோ இருந்தது. இல்லினாய்ஸ்-வாபாஷ் என்ற நில வியாபாரக் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தார். பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்காவுக்கு வக்கீலாக இருந்தவர் அதே வங்கியில் கடனும் வாங்கினார்.

எல்லாம் ஒரே நம்பிக்கையில் நின்றது: ஐரோப்பாவிலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாக வருவார்கள், நிலம் விலை போகும். ஐரோப்பாவில் வந்தது போர். பணம் இறுகியது. 1797 பிப்ரவரியில் இங்கிலாந்து வங்கியே நோட்டுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அட்லாண்டிக்கின் அமெரிக்கக் கரையில் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டார்கள். நாட்டிலேயே பெரிய பணக்காரர் என்று பெயரெடுத்த ராபர்ட் மோரிசே 1798-ல் பிலடெல்பியா கடன் சிறைக்குள் போனார்.

எங்கள் ஊரிலும் ஒருவர் அட்வான்ஸ் மட்டும் கொடுத்து ஊரைச் சுற்றியுள்ள கொல்லையெல்லாம் அக்ரிமென்ட் போட்டார். லேஅவுட் போட்டு விற்றதும் பாக்கி தருவதாகப் பேச்சு. விற்பனை நின்றது, மனிதர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அந்த நிலமெல்லாம் விலை ஏறும் என்று உண்மையாகவே நம்பியவர், பின்னால் ஏறவும் செய்தது. வில்சனைப் படிக்கும்போது அவர் முகம்தான் தெரிகிறது.

மார்ச் 13

நேற்று எழுதியதில் ஒரு பக்கம் குறைகிறது.

எங்கள் ஊர்க்காரர் நீதிபதி அல்ல, வில்சன் நீதிபதி. ஜார்ஜியா சட்டசபை 1795-ல் யாசூ நிலங்கள் எனப்பட்ட மேற்குப் பகுதி நிலங்களை அடிமாட்டு விலைக்கு விற்றது. சட்டசபை உறுப்பினர்களே பங்கு வாங்கிக்கொண்டு வாக்களித்த அசிங்கமான விற்பனை அது. அடுத்த வருடமே புதிய சட்டசபை அதை ரத்து செய்தது. அதில் பணம் போட்டவர்களில் வில்சன் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்துகொண்டே போட்டார். இந்தத் தகராறு என்றைக்காவது அதே நீதிமன்றத்துக்கு வரும் என்று ஒரு நில வக்கீலுக்குத் தெரியாதா? 1810-ல் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அவர் அதைச் செய்திருக்கக் கூடாது. கேள்வி கேட்ட வாசகர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. மறக்கலாம் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

மார்ச் 16

கடைசி நாட்களைக் கேட்டிருக்கிறார்கள்.

1797-ல் கடன்காரர்களுக்குப் பயந்து பிலடெல்பியாவை விட்டு பெத்லஹேம் போனார். நியூஜெர்சி பர்லிங்டனில் பிடித்துப் போட்டார்கள். மகன் பேர்ட் பணம் புரட்டி வெளியே கொண்டுவந்தார். தெற்கே ஓடி, வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் ஹார்னிப்லோ சத்திரத்தில் தங்கினார். அது ஐரிடெலின் ஊர். சிஷோம் வழக்கில் எதிராக எழுதிய அதே ஐரிடெல்தான் அந்த நாட்களில் அவருக்குத் துணை.

1798-ல் அங்கேயும் கைது. செய்ய வைத்தவர் பியர்ஸ் பட்லர், 1787 மாநாட்டில் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்திட்டவர். பாக்கி 1,97,000 டாலர். நீதிபதிச் சம்பளத்தில் 56 வருடம். வில்சன் வாழ்ந்ததே 55 வருடம்தான்.

முதல் மனைவி ரேச்சல் 1786-ல் இறந்திருந்தார். சர்க்யூட்டுக்கு பாஸ்டன் போனபோது பார்த்து, 1793-ல் கட்டிக்கொண்ட ஹானாவுக்குக் கல்யாணத்தின்போது 19 வயது. அந்தப் பெண் ஈடன்டன் சத்திர அறையில் அவர் பக்கத்திலேயே இருந்தார். கோடையில் மலேரியா, பிறகு பக்கவாதம். ஆகஸ்ட் 21 அன்று உயிர் போயிற்று. ஐரிடெலின் மைத்துனர் சாமுவேல் ஜான்ஸ்டனின் ஹேய்ஸ் பண்ணையில் புதைத்தார்கள். 1906-ல்தான் உடலை எடுத்து பிலடெல்பியா கொண்டுவந்தார்கள்.

தீர்ப்புக் கடனுக்கு சிவில் அரெஸ்ட் ஆகி நீதிமன்றத்துக்கு வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமீனா பக்கத்தில் நிற்பார். சிறையில் வைக்க வேண்டுமென்றால் சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும். அங்கே நிற்கிற ஆள் தலை நிமிர மாட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அப்படி நின்றிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மார்ச் 17

"பணக்காரர்களின் ஆள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1779 அக்டோபர் 4 அன்று பிலடெல்பியா மிலிஷியாக்காரர்கள் (ஊர்மக்கள் சேர்ந்த படையினர்) சொன்னதும் அதுதான். விலைவாசி ஏறி, ரொட்டிக்கே திண்டாட்டம். வில்சன் விலைக் கட்டுப்பாட்டை எதிர்த்தார். பிரிட்டிஷாருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடினார். துப்பாக்கியோடு வந்து மூன்றாம் தெரு, வால்நட் தெரு முனையில் இருந்த வீட்டைச் சூழ்ந்தார்கள். உள்ளேயும் நண்பர்கள் துப்பாக்கியோடு இருந்தார்கள். இரு பக்கமும் சாவு. குதிரைப்படை வந்துதான் மீட்டது.

பசித்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதே சமயம், ஊரே வெறுக்கிறவனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும் என்பதில் நான் வில்சன் பக்கம்தான்.

மார்ச் 21

அவர் இடத்துக்கு யார் வந்தார் என்று கேட்டவருக்கு: முதலில் ஜான் மார்ஷலைக் கேட்டார்கள், அவர் மறுத்தார். பிறகு புஷ்ராட் வாஷிங்டன் வந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன். அதைவிட முக்கியம், வில்சனிடம் சட்டம் பயின்றவர். பெரியப்பா வாஷிங்டன்தான் கட்டணத்துக்குப் பொறுப்பேற்றார்.

1790 டிசம்பரில் வில்சன் பிலடெல்பியா கல்லூரியில் சட்ட விரிவுரை தொடங்கியபோது முதல் நாள் வாஷிங்டனும் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் வந்து உட்கார்ந்தார்கள். விரிவுரைத் தொடர் பாதியிலேயே நின்றுவிட்டது. மகன் பேர்ட் அவற்றைத் தொகுத்து 1804-ல் அச்சிட்டார்.

மார்ச் 22

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: விரிவுரைகளில் தொடங்காதீர்கள், நீளம் அதிகம், நடை கனமானது. மாநாட்டில் மேடிசன் எடுத்த குறிப்புகள் 1840-ல் அச்சாயின, இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அதில் 1787 ஜூன் 1, ஜூன் 11, ஜூலை 11 ஆகிய மூன்று நாட்களை மட்டும் முதலில் படியுங்கள். பிறகு சிஷோம் வழக்கில் ஐரிடெல் எழுதியதையும் வில்சன் எழுதியதையும் அடுத்தடுத்து வாசியுங்கள். சட்ட நுணுக்கத்தில் ஐரிடெல் வலுவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் சில பத்திகளில் தோன்றியிருக்கிறது. படித்துவிட்டு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள், அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.